சட்டைப் பையில் அடங்கும் குட்டி 'ஹாம் ரேடியோ': விலையைப் பார்த்து வாங்கிடாதீங்க, விவரத்தைப் பார்த்து வாங்குங்க!

தூத்துக்குடி,

செல்போன் டவர் செத்துப்போனா ஊரே ஊமையாகிவிடும் என்பதை தூத்துக்குடி மாவட்டம் 2023-ம் ஆண்டு டிசம்பர் மாதம் நேரிலேயே பார்த்துவிட்டது.

டிசம்பர் 17, 18-ந் தேதிகளில் கொட்டித்தீர்த்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டி மீட்டர் பதிவானது. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்கு கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் ரெயில் நிலையத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது. சுற்றிலும் வெள்ளம். கரண்ட் இல்லை. பல இடங்களில் போனும் இல்லை. பயணிகளை முழுசாக மீட்க 19-ந் தேதி ஆகிவிட்டது.

இப்படி ஒரு ராத்திரியைப் பார்த்தவர்களுக்கு, "டவரும் வேண்டாம், சிம் கார்டும் வேண்டாம், பட்டனை அமுக்கினா பேசலாம்" என்று ஒரு குட்டி கருவி வருகிறது என்றால் ஆசை வரத்தானே செய்யும்? அந்தக் கருவிதான் கையடக்க ஹாம் ரேடியோ செட்.

அதிலும் உலகம் முழுக்க புதுசாக வருகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது பெரும்பாலும் ஒரே செட்தான். சீனாவின் பாவ்பெங் கம்பெனி 2012-ம் ஆண்டு வாக்கில் கொண்டு வந்த 'யு.வி.-5ஆர்' மாடல். வெளிநாட்டில் 25 டாலர் சுமாருக்கு கிடைத்ததால், அதுவரை பணக்கார பொழுதுபோக்காக இருந்த ஹாம் ரேடியோவை இது சாதாரண ஆள் கைக்கு கொண்டு வந்தது.

செட் எப்படி? நம்ம கடற்கரைக்கு உதவுமா? வாங்கினால் வம்பு வருமா? விவரம் வருமாறு:-

ஹாம் என்றால் என்ன?

பொழுதுபோக்குக்காகவும், படிப்புக்காகவும், ஆபத்து நேரத்தில் உதவுவதற்காகவும் அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கி சொந்தமாக வயர்லெஸ் வைத்துப் பேசுகிறவர்தான் 'ஹாம்'. இதில் காசு சம்பாதிக்கக் கூடாது. வியாபாரம் பேசக் கூடாது. ஒவ்வொருவருக்கும் வண்டி நம்பர் மாதிரி ஒரு அழைப்புக் குறி உண்டு. இந்தியாவில் அது பெரும்பாலும் 'வி.யு.2', 'வி.யு.3' என்று ஆரம்பிக்கும்.

முன்னாள் பிரதமர் ராஜீவ்காந்தி கூட ஒரு ஹாம்தான். அவருடைய குறி 'வி.யு.2 ஆர்.ஜி.'.

2004-ம் ஆண்டு சுனாமி அடித்தபோது இந்த பொழுதுபோக்கின் அருமை நாட்டுக்கே தெரிந்தது. டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண் ஹாம், தன் குழுவினரோடு அந்த டிசம்பர் மாதம் அந்தமானில் இருந்தார். போனது என்னவோ வானொலிப் பொழுதுபோக்குக்காகத்தான். 26-ந் தேதி அலை வந்து டெலிபோன் எல்லாம் அறுந்துபோனதும், போர்ட் பிளேரில் இருந்து அவருடைய வயர்லெஸ்தான் பேசியது. காணாமல் போனவர்கள், பிழைத்தவர்கள் பற்றிய தகவல்கள் அதன் வழியாகத்தான் உறவினர்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

இதைப் படித்துவிட்டு உடனே குட்டி செட்டை ஆர்டர் போட்டுவிட வேண்டாம். அந்தமானில் இருந்து பேசியது இந்த மாதிரி செட்டில் அல்ல. அது 'எச்.எப்.' என்ற குறைந்த அலைவரிசையில் வேலை செய்யும் பெரிய செட். அந்த அலை வானத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோ மீட்டர் போகும். குட்டி செட்டில் இருப்பது 'வி.எச்.எப்.', 'யு.எச்.எப்.' மட்டுமே. அது கண்ணுக்கு எட்டுகிற தூரத்தை விட கொஞ்சம்தான் கூடுதலாகப் போகும். முதல் ஏமாற்றம் பலருக்கு இங்கேதான்.

பெட்டியைத் திறந்தால்...

உள்ளே செட், பேட்டரி, ரப்பர் ஆன்டெனா, மேஜையில் வைத்து சார்ஜ் ஏற்றும் தொட்டி, இடுப்பில் மாட்டும் கிளிப், காதுக்கு ஒரு ஹெட்செட் எல்லாம் இருக்கும். கொடுத்த காசுக்கு பெட்டி நிறையத்தான் இருக்கிறது.

செட் கைக்கு அடக்கமாக, இலேசாக இருக்கும். பழைய நோக்கியா போனை விட கொஞ்சம் பருமன். ஆன்டெனாவை திருகி மாட்ட வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கை. ஆன்டெனா மாட்டாமல் பேசும் பட்டனை அமுக்கவே கூடாது. வெளியே போக வழியில்லாத சக்தி திரும்பி வந்து உள்ளே இருக்கும் பாகத்தைச் சுட்டுவிடும்.

மேலே இருக்கும் குமிழைத் திருகினால் 'டக்' என்று ஆன் ஆகி, ஒரு பொம்பளைக் குரல் இங்கிலீஷில் பேசும். பட்டனைத் தொட்டால் பேசும், சேனலை மாற்றினால் பேசும். முதல் நாள் வேடிக்கையாக இருக்கும். ரெண்டாம் நாள் எரிச்சல் வரும். மெனுவில் 14-ம் நம்பருக்குப் போய் 'ஆப்' செய்தால் அம்மணி வாயை மூடிக்கொள்வார். 8-ம் நம்பரில் 'பீப்' சத்தத்தையும் நிறுத்தலாம்.

தலையைச் சுத்த வைக்கும் பட்டன்கள்

திரையில் ரெண்டு வரி தெரியும். மேல் வரி ஒரு அலைவரிசை, கீழ் வரி இன்னொன்று. ரெண்டையும் மாறி மாறி காவல் காக்கும். எந்த வரியில் பேசுகிறோம் என்பதை ஒரு சின்ன அம்புக்குறிதான் காட்டும். அதைக் கவனிக்காமல் மேல் வரியில் கேட்டதற்கு கீழ் வரியில் பதில் சொல்லிவிட்டு, "என்னப்பா, ஒருத்தனும் பதில் சொல்லலையே" என்று உட்கார்ந்திருக்கும் புது ஆட்கள் ஏராளம். பழகும் வரை 7-ம் நம்பர் மெனுவில் இந்த இரட்டைக் காவலை நிறுத்தி வைப்பது நல்லது.

அலைவரிசையை நேரடியாக நம்பர் அடித்தும் வைக்கலாம். 128 இடங்களில் சேமித்தும் வைக்கலாம். ஆனால் செட்டிலேயே சேமிப்பது பெரிய தலைவலி. தேர்ந்த கைகளே திணறும். கம்ப்யூட்டரில் கேபிள் மாட்டி, 'சர்ப்' என்ற இலவச சாப்ட்வேர் மூலம் ஏற்றினால் அஞ்சு நிமிஷ வேலை.

பக்கவாட்டில் பேசும் பட்டனுக்கு மேலேயும் கீழேயும் ரெண்டு சின்ன பட்டன்கள் இருக்கும். கீழே உள்ளதை தொட்டால் டார்ச் லைட் எரியும். மேலே உள்ளதை தொட்டால் எப்.எம். பாட்டு. அதையே அழுத்திப் பிடித்தால் போச்சு! ஊரைக் கூட்டுகிற மாதிரி சைரன் அலறும். அமைப்பைப் பொறுத்து அந்தச் சத்தம் காற்றிலும் போய்விடும். பையில் போட்டுக்கொண்டு பஸ்சில் போகிறவர்கள் ஜாக்கிரதை.

குறை என்ன?

வலு 4 முதல் 5 வாட். இந்த விலைக்கு இது பெரிய விஷயம். பேட்டரி 1,800 எம்.ஏ.எச். கேட்பதே வேலையாக இருந்தால் ஒரு நாள் முழுக்க தாங்கும். ஸ்பீக்கர் சத்தம் கணீர் என்று இருக்கும்.

ஆனால் காது கொஞ்சம் மந்தம். பக்கத்தில் பெரிய டவரோ, வலுவான எப்.எம். ஸ்டேஷனோ இருந்தால் திணறிப்போகும். பேசும்போது சொன்ன அலைவரிசையில் மட்டும் இல்லாமல் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இடங்களிலும் கொஞ்சம் கசியும். அமெரிக்க ஹாம் சங்கத்தின் சோதனைக்கூடம் இந்த ரக செட்டுகளைச் சோதித்தபோது, பல செட்டுகள் அந்த நாட்டு கசிவு அளவைத் தாண்டியே இருந்தன.

நம்ம ஊருக்கு எல்லாவற்றையும் விட பெரிய குறை ஒன்று உண்டு. அது தண்ணீர். இந்த செட் தண்ணீர் புகாத செட் அல்ல. ஹெட்செட் மாட்டும் ஓட்டைக்கு ஒரு ரப்பர் மூடி, அவ்வளவுதான். உப்புக்காத்து ஒரே சீசனில் உள்ளே உள்ள செம்பை பச்சையாக்கிவிடும்.

எவ்வளவு தூரம் பேசும்?

விளம்பரத்தில் 10 கிலோ மீட்டர், 20 கிலோ மீட்டர் என்று போடுவார்கள். பூமி உருண்டை என்பதால் கணக்கு வேறு. உயரம்தான் இங்கே எல்லாம்.

ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அதன் வர்க்க மூலத்தை நாலால் பெருக்கினால் அந்தப் பக்கத்துக்கான கிலோ மீட்டர் வந்துவிடும். எதிராளிக்கும் இதே கணக்கைப் போட்டு ரெண்டையும் கூட்ட வேண்டும்.

வள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் ரெண்டு பேர் கையில் செட் தண்ணீர் மட்டத்தில் இருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால், நாலும் நாலும் எட்டு. 8 கிலோ மீட்டர்தான். எழுந்து நின்று தலைக்கு மேலே பிடித்தால் 11, 12 வரை போகும். கரையில் 30 மீட்டர் டவரில் ஆன்டெனா இருந்தால், வள்ளத்தில் உட்கார்ந்திருப்பவர் 26 கிலோ மீட்டர் வரை பேச வாய்ப்பு உண்டு. ஊருக்குள் கட்டிடம், மரம், பனை எல்லாம் குறுக்கே வருவதால் ரெண்டு மூணு கிலோ மீட்டர் போனாலே பெரிசு.

ஆக, தூத்துக்குடியில் இருந்து 40 கிலோ மீட்டர் தள்ளி இருக்கும் திருச்செந்தூரை கையில் செட்டை வைத்துக்கொண்டு நேரடியாகப் பிடிப்பது நடக்காத காரியம். அதற்கு நடுவில் உயரமான இடத்தில் 'ரிப்பீட்டர்' வேண்டும். ஒரு அலைவரிசையில் கேட்டதை இன்னொரு அலைவரிசையில் பலமாகத் திருப்பிச் சொல்லும் நிலையம் அது. வெள்ளம் வந்த ராத்திரியில் ஸ்ரீவைகுண்டத்தில் ஒருத்தர் கையில் இந்த செட் இருந்திருந்தாலும், கேட்கும் தூரத்தில் இன்னொரு ஹாமோ ரிப்பீட்டரோ இல்லையென்றால் அது வெறும் டார்ச் லைட்தான்.

இந்தக் கணக்கை உடைக்கும் ஒரு விஷயமும் இந்தக் கடலில் உண்டு. காற்று அடங்கி, கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும் நாட்களில், தண்ணீரை ஒட்டிய ஈரக்காற்றுக்கு மேலே சூடான காற்று மூடி போட்ட மாதிரி நிற்கும். அலை அந்த ரெண்டுக்கும் நடுவில் குழாயில் போகிற மாதிரி நூற்றுக்கணக்கான கிலோ மீட்டர் ஓடும். இலங்கை எப்.எம். பாட்டு இந்தக் கடற்கரையில் சில நாள் பக்கத்து வீட்டில் பாடுகிற மாதிரி கேட்பதும், சில நாள் சுத்தமாக இல்லாமல் போவதும் இதனால்தான். குட்டி செட்டிலும் எப்.எம். இருப்பதால் இந்த வேடிக்கையை கேட்டுப் பார்க்கலாம். தூத்துக்குடி வானொலியின் 1053 மட்டும் இதில் எடுக்காது. அது மீடியம் வேவ்.

படகில் கொண்டு போகலாமா?

இதுதான் முக்கியமான கேள்வி. பதில்: கூடாது.

கப்பல்களும் படகுகளும் பேசும் அலைவரிசை 156 முதல் 162 மெகா ஹெர்ட்ஸ். ஆபத்து அழைப்புக்கான 16-ம் சேனல் 156.8. யு.வி.-5ஆர் செட் 136 முதல் 174 வரை எடுக்கும் என்பதால் இந்த சேனலும் அதில் வந்துவிடும். அதனால் "ரெண்டு ஆயிரம் ரூபாய் செட் இருக்கும்போது எதுக்கு பெரிய செட்?" என்று சிலர் நினைக்கலாம்.

வ.உ.சி. துறைமுகத்துக்கு கப்பல்கள் வந்துபோகும் வழி இது. அந்த 16-ம் சேனலில் ஒருவர் தெரியாமல் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தால், பக்கத்தில் மூழ்கிக்கொண்டிருக்கும் இன்னொரு படகின் அழைப்பு யாருக்கும் கேட்காமல் போய்விடும். ஹாம் லைசென்ஸ் இருந்தாலும் கூட இந்த அலைவரிசையில் பேச அது அனுமதி தராது. இந்தியாவில் ஹாம்களுக்கு இந்த செட்டில் உள்ள இடம் 144 முதல் 146 வரையும், 434 முதல் 438 வரையும்தான். அங்கேயும் "இன்னைக்கு நண்டு என்ன விலை போகுது" என்று பேசினால் தப்பு. அது வியாபாரம்.

கடலுக்கென்றே செய்த கையடக்க வி.எச்.எப். செட்டுகள் தனியாக இருக்கின்றன. தண்ணீரில் விழுந்தாலும் பிழைக்கும். சில செட்டுகள் மிதக்கும். படகில் பொருத்தும் செட் 25 வாட் வலு கொண்டது. நல்ல செட்டில் ஒரு சிவப்பு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் படகு நிற்கும் இடத்தோடு சேர்த்து ஆபத்து செய்தி தானாகப் போகும். குட்டி ஹாம் செட்டில் இது எதுவும் கிடையாது.

2017-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி ஒக்கி புயல் குமரிக் கடலைப் புரட்டியபோது, ஆழ்கடலில் கிடந்த படகுகளுக்கு கரையில் இருந்து சொன்ன எச்சரிக்கை எட்டவே இல்லை. காரணம் இதே தூரக் கணக்குதான். கரை செட்டின் குரல் அவ்வளவு தூரம் போகாது. அதனால்தான் பிறகு செயற்கைக்கோள் பக்கம் போனார்கள். இஸ்ரோ தொழில்நுட்பத்தில் ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாக டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தை 2024-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி பிரதமர் தொடங்கிவைத்தார். ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் நம்ப வேண்டியது அதைத்தான்.

திரேஸ்புரத்தில் இருந்து சங்கு குளிக்கப் போகிறவர்களாக இருந்தாலும் சரி, கரையோர வள்ளமாக இருந்தாலும் சரி, கடலில் ஆபத்து என்றால் கடலோர காவல்படையின் நம்பர் 1554. போனில் சிக்னல் இருக்கும் வரை அதுவே பெரிய துணை.

உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் கையில் கிடைத்த எந்த வயர்லெசிலும் உதவி கேட்கலாம் என்று சர்வதேச விதியே சொல்கிறது. ஆனால் "ஆபத்துக்கு உதவும்" என்று சொல்லி லைசென்ஸ் இல்லாத செட்டை படகில் வைத்துக்கொள்ள அந்த விதி இடம் தரவில்லை.

லைசென்ஸ் இல்லையா? உஷார்!

வயர்லெஸ் செட் வைத்திருக்கவே அனுமதி வேண்டும் என்று 1933-ம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. 2023-ல் வந்த தொலைத்தொடர்பு சட்டமும் அந்தக் கட்டுப்பாட்டை விடவில்லை. பேசினால்தானே தப்பு, சும்மா கேட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பேசக்கூடிய செட் கையில் இருந்தாலே கேள்வி வரும்.

அதிலும் இது இலங்கைக்கு எதிரே இருக்கும் கடற்கரை. கடத்தல் கண்காணிப்பு எப்போதும் உண்டு. 2008-ம் ஆண்டு மும்பை தாக்குதலுக்கு கடல் வழியாக வந்தார்கள் என்பதால் அதற்குப் பிறகு கெடுபிடி இன்னும் கூடிவிட்டது. ராத்திரி ரோந்தில் ஒரு வள்ளத்தில் சீன வயர்லெஸ் சிக்கினால், "விளையாட்டுக்கு வச்சிருந்தேன்" என்று சொல்லி தப்பிக்க முடியாது.

ஆன்லைனில் விற்கிறார்களே என்றால், விற்பதால் மட்டும் அது சட்டப்படி சரி ஆகிவிடாது. அனுமதி விவரம் சொல்லாமல் வாக்கி டாக்கி விற்ற 13 ஆன்லைன் நிறுவனங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-ம் ஆண்டு மே மாதம் நோட்டீஸ் அனுப்பியது. பிறகு இதற்கென தனி விதிமுறைகளையும் வெளியிட்டது.

லைசென்சே வேண்டாத ஒரு ரகமும் உண்டு. 446.0 முதல் 446.2 மெகா ஹெர்ட்சுக்குள் மட்டும், மிகக் குறைந்த சக்தியில், கழற்ற முடியாத ஆன்டெனாவோடு வரும் அங்கீகாரம் பெற்ற குட்டி வாக்கி டாக்கிகள். கல்யாண மண்டபம், கட்டுமான இடம் மாதிரி வேலைக்கு அது போதும். யு.வி.-5ஆர் அந்த ரகத்தில் வராது.

பரீட்சை கஷ்டமா?

பயப்பட வேண்டாம். 12 வயது ஆனாலே எழுதலாம். மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தின் டபிள்யூ.பி.சி. பிரிவு பரீட்சை வைக்கிறது. விண்ணப்பம் 'சரல் சஞ்சார்' என்ற அரசு இணையதளம் வழியாக.

ரெண்டு வகை உண்டு. 'ரெஸ்டிரிக்டட்' வகைக்கு அடிப்படை எலெக்ட்ரானிக்சும், விதிமுறையும் தெரிந்தால் போதும். 'ஜெனரல்' வகைக்கு கூடவே மோர்ஸ் தந்தியும் உண்டு. ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன் படித்த பையனுக்கு ஓம்ஸ் விதி புதுசு இல்லை. ஆன்டெனா கணக்கும், 'கியூ.டி.எச்.' என்றால் இருக்கும் இடம், 'கியூ.எஸ்.எல்.' என்றால் கிடைத்தது என்பது போன்ற சுருக்கெழுத்துகளும்தான் புதுசாக மனப்பாடம் செய்ய வேண்டியது.

வரிசை இதுதான். முதலில் பரீட்சை, அப்புறம் லைசென்ஸ், கடைசியில் செட். பலர் தலைகீழாகப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். பரீட்சைக்குப் படிக்கும் நாட்களில் லைசென்ஸ் உள்ள ஒரு ஹாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலே பாதி பாடம் ஏறிவிடும்.

லைசென்ஸ் வந்த பிறகு இந்த குட்டி செட் நல்ல வாத்தியார். கீழே போட்டு உடைத்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. ரப்பர் ஆன்டெனாவை கழற்றிவிட்டு, அரை மீட்டர் செம்புக் கம்பியில் சொந்தமாக ஒன்று செய்து மொட்டை மாடியில் மாட்டிப் பார்த்தால் வித்தியாசம் காதிலேயே தெரியும்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஹாம் செட் உண்டு. அங்கே இருந்து வரும் குரல் 145.8 மெகா ஹெர்ட்சில் இறங்கும். சுமார் 400 கிலோ மீட்டர் உயரத்தில் இருந்தாலும் நடுவில் கட்டிடமோ மரமோ மறைக்காததால் அஞ்சு வாட் செட்டிலேயே கேட்கும். விண்வெளி வீரர்கள் பள்ளிப் பிள்ளைகளோடு பேசும் நாளில், நிலையம் நம்ம தலைக்கு மேல் வருகிறதா என்று நேரம் பார்த்து முத்துநகர் கடற்கரைக்குப் போய், ஆன்டெனாவை கொஞ்சம் சாய்த்துப் பிடித்து நிற்க வேண்டும். அதிகபட்சம் பத்து நிமிஷம். அதற்குள் அது அடிவானத்தில் இறங்கிவிடும். மறுபடி கேட்க அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டியதுதான்.